முதல் மல்ட்டிடிராக் ரெக்கார்டர்: அக்கூஸ்டிக் கிட்டார் வாசிக்கிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வார இறுதிகளில் நாலைந்து பேருக்குக் கிட்டார் சொல்லித் தருகிறேன். வீட்டிலேயே பாட்டுப் பதிகிறவன் என்று தெரிந்த நாளிலிருந்து, அவர்களும் அவர்களுடைய நண்பர்களும் தொலைபேசியில் கேட்பது திரும்பத் திரும்ப ஒரே கேள்விகளைத்தான். ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதிப் பதிலையும் சேர்த்துவிட்டேன். ஒரே ஆள், ஒரு கிட்டார், கொஞ்சம் பாட்டு, ஒரு படுக்கையறை என்று இருப்பவருக்கானது இது. முழு இசைக்குழுவைப் பதிய நினைப்பவருக்குப் பாதிக்கு மேல் பொருந்தாது.

மல்ட்டிடிராக் என்றால் என்ன சார்? செல்போனில் பதிவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

செல்போனில் பதிந்தால் கிட்டார், குரல், பக்கத்து வீட்டுக் குக்கர் எல்லாம் ஒரே கோப்பில் கலந்து விழும். பிறகு குரலை மட்டும் கூட்ட நினைத்தால் முடியாது. சாம்பாரில் போட்ட உப்பைத் திரும்ப எடுப்பது போலத்தான். மல்ட்டிடிராக்கில் ஒவ்வொன்றும் தனித் தடத்தில் உட்காரும். முதலில் கிட்டாரைப் பதிந்துகொள்ளலாம். அதை ஹெட்போனில் கேட்டபடி இரண்டாவது தடத்தில் பாடலாம். பாட்டு பிசகினால் கிட்டாரைத் தொடாமல் பாட்டை மட்டும் அழித்துத் திரும்பப் பாடலாம். இப்படி ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றுவதற்கு ஓவர்டப் என்று பெயர்.

பெரும்பாலும் ஸ்டுடியோவில் இருந்த இந்த வசதியைச் சாதாரண வீடுகளுக்குள் கொண்டுவந்தது, டாஸ்காம் கருவிகளைச் செய்யும் டீயாக் நிறுவனம் 1979-ல் வெளியிட்ட போர்ட்டாஸ்டுடியோ 144. சாதாரண கேசட்டில் நான்கு தடம். அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982 தொடக்கத்தில் நியூ ஜெர்சியில் தன் வீட்டுப் படுக்கையறையில் அந்தக் கருவியை வைத்து மாதிரிக்காகச் சில பாடல்களைப் பதிந்தார். பிறகு இசைக்குழுவோடு ஸ்டுடியோவில் பதிந்து பார்த்தும் மனம் ஒப்பவில்லை. கேசட்டில் இருந்ததே அந்த ஆண்டு ஆல்பமாக வெளிவந்தது.

கம்ப்யூட்டர் இருக்கிறது. ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று வாங்கினால் போதாதா?

போதும். மைக்கையும் கிட்டாரையும் கம்ப்யூட்டரோடு இணைக்கும் சிறு பெட்டிதான் இன்டர்ஃபேஸ். கொடுக்கிற பணத்துக்குக் கிடைக்கும் தரத்தை மட்டும் பார்த்தால் இன்டர்ஃபேஸ்தான் லாபம். தடங்களுக்குக் கணக்கில்லை, பெரிய திரையில் வெட்டி ஒட்டலாம், ரீப்பர் போன்ற மென்பொருளும் அதிக விலை இல்லை. கம்ப்யூட்டரோடு பழகியவர், பதிந்ததை நுணுக்கமாகத் திருத்த விரும்புகிறவர் அந்த வழியில் போகலாம்.

நான் தனிக் கருவியை வைத்திருப்பதற்குக் காரணம் வேறு. மாலையில் வேலை முடிந்து வந்தால் எனக்குக் கிடைப்பது முக்கால் மணி நேரம். அதில் கம்ப்யூட்டர் திறந்து, அப்டேட் கேட்டு, டிரைவர் தெரியவில்லை என்று சொல்லி, இடையில் அலுவலக மின்னஞ்சலும் எட்டிப்பார்த்தால் கிட்டாரை உறைக்குள் வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவேன். தனிக் கருவியில் சுவிட்ச் போட்டு, சிவப்புப் பொத்தானை அழுத்தினால் பதிகிறது. லேப்டாப் விசிறியின் இரைச்சலும் மைக்கில் ஏறாது. உங்கள் மாலைப் பொழுது எப்படிப்பட்டது என்று பார்த்து முடிவெடுங்கள்.

ஐபோனில் கராஜ்பேண்ட் ஆப் இலவசமாகவே இருக்கிறதே அண்ணா?

இருக்கிறது, நல்ல மல்ட்டிடிராக்கும்கூட. கையில் ஐபோன் இருந்தால் எதையும் வாங்குவதற்கு முன் ஒரு மாதம் அதில் பதிந்து பாருங்கள். ஒரு மாதத்தில் இரண்டு பாட்டாவது முடிந்திருந்தால் மேலே படியுங்கள்.

நான்கு டிராக், எட்டு டிராக், இருபத்து நான்கு டிராக் என்று விற்கிறார்கள். எதை எடுப்பது?

கிட்டார் ஒன்று, அதையே இரண்டாம் முறை வாசித்து மறுபக்கம் வைப்பது ஒன்று, முதன்மைக் குரல் ஒன்று, துணைக் குரல் இரண்டு, கஞ்சிரா ஒன்று. ஆறு ஆயிற்று. இதற்கு மேல் ஏற்றினால் அக்கூஸ்டிக் பாட்டில் பெரும்பாலும் கூட்டம்தான் சேரும். எட்டு போதும், நான்கும் பழகிவிடும். பீட்டில்ஸ் குழுவே 1967-ல் லண்டன் ஈஎம்ஐ ஸ்டுடியோவில் நான்கு டிராக் கருவிகளை வைத்துத்தான் வேலை செய்தது.

டிராக் எண்ணிக்கையைக் கேட்பது, வீடு வாங்கும்போது ஜன்னல் எத்தனை என்று மட்டும் கேட்பது போல. கேட்க வேண்டியது அடுத்த கேள்வியில் இருக்கிறது.

எட்டு டிராக் என்று வாங்கினேன். பின்னால் பார்த்தால் மைக் செருக இரண்டே இரண்டு இடம்தான். ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. எட்டு என்பது சேர்ந்து ஒலிக்கும் தடங்களின் கணக்கு. ஒரே நேரத்தில் எத்தனை உள்ளே வாங்கும் என்பது தனிக் கணக்கு. டாஸ்காம் டிபி-008இஎக்ஸ், ஜூம் ஆர்8 இரண்டும் எட்டு டிராக் கருவிகள். இரண்டிலும் ஒரு சமயத்தில் இரண்டைத்தான் பதிய முடியும். மிச்சத்தை அடுத்தடுத்த சுற்றில் ஏற்ற வேண்டும். டாஸ்காம் டிபி-24எஸ்டி, ஜூம் ஆர்20 போன்றவை எட்டு உள்ளீடுகளை ஒன்றாக வாங்கும். டிரம்ஸ் உள்ள குழுவுக்கு அது வேண்டும்.

தனியாக உட்கார்ந்து வாசிப்பவருக்கு இரண்டு உள்ளீடு சரியான அளவு. கிட்டாருக்கு இரண்டு மைக், அல்லது கிட்டாருக்கு ஒன்று பாட்டுக்கு ஒன்று. ஆறு உள்ளீடு சும்மா கிடப்பதற்குப் பணம் கொடுக்க வேண்டாம். அந்தப் பணத்தில் ஒரு மைக், ஒரு கனமான ஸ்டாண்ட், காதை மூடும் ஹெட்போன் மூன்றையும் வாங்கிவிடலாம்.

ஃபேன்டம் என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. அதைப் போட்டால் மைக் எரிந்துவிடுமா?

கன்டென்சர் மைக்குக்குள் ஒரு சிறு மின்சுற்று இருக்கிறது. அதற்கு வேண்டிய மின்சாரத்தை மைக் கேபிள் வழியாகவே அனுப்புவதுதான் ஃபேன்டம் பவர், வழக்கமாக 48 வோல்ட். மேடையில் பாடகர்கள் கையில் பிடிக்கும் டைனமிக் மைக்குக்கு இது தேவையில்லை. சரியான எக்ஸ்எல்ஆர் கேபிளில் (மூன்று முனை உள்ள மைக் கேபிள்) இருந்தால் தவறிப் போட்டாலும் ஒன்றும் ஆகாது. பழைய ரிப்பன் மைக் வைத்திருப்பவர்தான் பயப்பட வேண்டும். செருகும்போதும் கழற்றும்போதும் சுவிட்சை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஹெட்போனில் 'டொப்' என்று காதைப் பிளக்கும்.

அக்கூஸ்டிக் கிட்டாரின் பளபளப்பு, விரல் நகம் தந்தியில் படும் நுணுக்கம், எல்லாம் கன்டென்சரில் நன்றாக விழும். அதனால் முதல் கருவியிலேயே ஃபேன்டம் இருக்கட்டும். மிக மலிவான சிறு கருவிகளில் இதைத்தான் முதலில் வெட்டுகிறார்கள்.

கருவியிலேயே மைக் இருக்கிறதே. தனி மைக் வேண்டுமா?

முதல் மூன்று மாதம் வேண்டாம். உள்மைக் மோசமில்லை. கருவியும் மைக்கும் ஒரே பெட்டியாக இருப்பதுதான் சங்கடம். மைக்கை நல்ல இடத்தில் வைத்தால் பொத்தான் எட்டாது. பொத்தானைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்தால் மைக் மேசையைப் பார்க்கும். இந்த எரிச்சல் தாங்காமல் போகும் நாளில் தனி மைக் வாங்குங்கள்.

என் கிட்டாரில் பிக்கப் இருக்கிறது. கேபிளை நேரே செருகிவிடலாமே?

செருகலாம், ஆனால் ஹை-இசட் அல்லது கிட்டார் என்று குறித்த உள்ளீட்டில். பெரும்பாலான அக்கூஸ்டிக் கிட்டார்களில் பிரிட்ஜுக்கு அடியில் இருப்பது பியசோ பிக்கப், அதாவது தந்தியின் அதிர்வை மின்குறியாக மாற்றும் பட்டை. அதைச் சாதாரண உள்ளீட்டில் நேரே கொடுத்தால் கீழ்ச்சுரங்கள் தேய்ந்து தகரம்போல் கேட்கும். கிட்டாரின் பக்கவாட்டில் பேட்டரியும் குமிழ்களும் இருந்தால் உள்ளே பிரீஆம்ப் (அந்த மின்குறியைப் பெருக்கும் சிறு சுற்று) இருக்கிறது என்று அர்த்தம். அப்போது கவலை குறைவு.

எனக்கு பிக்கப் ஒலி பிடிப்பதில்லை. மேடைக்கு அது நல்லது, தெருவில் ஊர்வலம் போனாலும் உள்ளே ஏறாது. ஆனால் கிட்டாரின் மரம் அதில் கேட்காது. மூக்கால் பாடுவதுபோல் இருக்கும்.

மைக்கை எங்கே வைப்பது? துளைக்கு நேரே வைத்தால் குடத்துக்குள் வாசிப்பதுபோல் கேட்கிறது.

கேட்கத்தான் செய்யும். கிட்டாரின் வயிறு காற்று அடைத்த பெட்டி. பெரும்பாலான கிட்டார்களில் அந்தக் காற்று 100 ஹெர்ட்ஸை ஒட்டித் தானாகவே அதிரும். அது வெளியேறும் வாசல்தான் அந்தத் துளை. அங்கே மைக்கை நீட்டினால் 'பும் பும்' மட்டும் கிடைக்கும். பெரும்பாலான மைக்குகள் அருகில் போகப்போகக் கீழ்ச்சுரத்தை மிகைப்படுத்தவும் செய்யும்.

கழுத்தும் உடலும் சேரும் இடத்துக்கு, அதாவது ஏறக்குறைய பன்னிரண்டாவது ஃபிரெட்டுக்கு எதிரே, ஒரு சாண் முதல் ஒன்றரைச் சாண் தள்ளி வைத்துத் தொடங்குங்கள். பிறகு மைக்கை நகர்த்தாதீர்கள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒரே கார்டை மெதுவாக மீட்டிக்கொண்டே நாற்காலியோடு நீங்கள் நகருங்கள். துளைப் பக்கம் திரும்பினால் கனம் கூடும். கழுத்துப் பக்கம் திரும்பினால் மெலியும். 'இதுதான் என் கிட்டார்' என்று தோன்றும் இடத்தில் நாற்காலிக் கால்கள் நிற்கும் தரையில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். என் அறை மொசைக் தரையில் அப்படி மூன்று டேப் இருக்கிறது. பெருக்கும்போது யாரும் அதைத் தொடக்கூடாது என்று வீட்டில் உத்தரவு.

அறை எதிரொலிக்கிறது. சுவரெல்லாம் பஞ்சு ஒட்ட வேண்டுமா?

சிமென்ட் சுவர், டைல்ஸ் தரை, காங்கிரீட் கூரை என்று நம் வீடுகள் ஒலியை விழுங்குவதே இல்லை. நடு அறையில் நின்று ஒருமுறை கைதட்டுங்கள். தட்டலுக்குப் பின்னால் 'ஸ்ர்ர்' என்று ஒரு வால் நீண்டால் மைக்கிலும் அது விழும். பஞ்சு ஒட்ட வேண்டாம். கடையில் விற்கும் மெல்லிய கறுப்புப் பஞ்சு மேல்சுரத்தை மட்டும் தின்றுவிட்டுக் கீழ்ச்சுரத்தை அப்படியே விட்டுவிடும். வீட்டில் இலவம்பஞ்சு மெத்தை இருந்தால் நிமிர்த்தி உங்கள் முதுகுக்குப் பின்னால் சுவரில் சாய்த்து வையுங்கள். மைக் உங்களைப் பார்க்கிறது, எனவே உங்களுக்குப் பின்னாலிருக்கும் சுவரையும் பார்க்கிறது. தரையில் ஒரு ஜமக்காளம். மூலையில் உட்கார வேண்டாம். இவ்வளவே செய்தாலும் ஒலி மாறிவிடும்.

இன்னொன்று: பீரோ. ஒரு பாட்டில் ஐந்தாவது தந்தியை மீட்டும்போது மட்டும் சன்னமாக ஒரு சிலிர்ப்பு கேட்டுக்கொண்டே இருந்தது. தந்தியைச் சந்தேகித்தேன், பிறகு கிட்டாரின் ஃபிரெட்டை, பிறகு மைக்கை. இரண்டு இரவு போயிற்று. கடைசியில் பார்த்தால் இரும்பு பீரோவின் பூட்டில் தொங்கிய சாவிக்கொத்து. ஏ சுரத்துக்கு மட்டும் அது கூடவே ஆடியிருக்கிறது. பதிவதற்கு முன் ஒவ்வொரு தந்தியையும் பலமாக ஒருமுறை அடித்துவிட்டு அறையைக் காதால் சுற்றிப்பாருங்கள்.

மின்விசிறியை நிறுத்தினால் வியர்க்கிறது, ஓடவிட்டால் பதிவில் கேட்கிறது. என்ன செய்வது?

நிறுத்துங்கள். வேறு வழி இல்லை. விடியற்காலை ஐந்து மணிக்குப் பதியுங்கள். காகங்கள் தொடங்குவதற்குள் ஒரு பாட்டு முடிந்துவிடும்.

பதிவில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். கேபிளின் உலோகத்தைத் தொட்டால் நிற்கிறது, கையை எடுத்தால் வருகிறது.

எர்த் சரியில்லை என்பதற்கு அது அடையாளம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஏறக்குறைய ஜி சுரம். ஆனால் சுத்தமான ஜி அல்ல, சற்றே ஏறியது. அதனால் ஜி கார்டில் வாசித்தால் எரிச்சல் இரண்டு மடங்கு. முதலில் அடாப்டரைக் கழற்றிக் கருவியைப் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். இரைச்சல் போய்விட்டால் குற்றவாளி சுவரில்தான் இருக்கிறது: எர்த் இல்லாத பிளக் பாயிண்ட், பக்கத்தில் ஓடும் ஸ்டெபிலைசர், அல்லது மின்வெட்டில் ஓடும் இன்வெர்ட்டர். பழைய இன்வெர்ட்டரில் அடாப்டரைச் செருகினால் 'ர்ர்ர்' என்று தனியாக ஒரு தடமே பதிந்துவிடும்.

பேட்டரியில் ஓடும் கருவியாக வாங்குங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். டபுள் ஏ பேட்டரி போடும் கருவிகள் பல உண்டு. ஃபேன்டத்தைப் போட்டால் பேட்டரி சீக்கிரம் கரையும், எனவே திரும்பச் சார்ஜ் செய்யக்கூடியதில் இரண்டு செட் வைத்துக்கொள்ளுங்கள்.

16 பிட், 24 பிட், 32 பிட் ஃப்ளோட் என்கிறார்கள். எது நல்லது?

ஒலியின் ஏற்ற இறக்கத்தை எவ்வளவு நுணுக்கமாக அளந்து எழுதுகிறது என்பதுதான் பிட் கணக்கு. உங்கள் அறையின் அமைதிக்கு 16 பிட் போதும். 24 பிட்டில் ஒரு நிம்மதி உண்டு: அளவைத் தாழ்வாக வைத்துப் பதிந்து பின்னால் உயர்த்தலாம், இரைச்சல் கூடாது. எதில் பதிந்தாலும் பலமாக வாசிக்கும் இடத்தில் மீட்டர் -12 டெசிபலை ஒட்டி நிற்கட்டும். ஒத்திகையில் வாசிப்பதைவிடப் பதியும்போது எல்லோரும் ஓங்கித்தான் அடிப்போம்.

32 பிட் ஃப்ளோட்டில், அளவு மீறிப் பதிந்ததாகத் தோன்றினாலும் பின்னால் இறக்கிக்கொள்ளலாம். ஜூம் ஆர்4-இல் அந்த வசதி இருக்கிறது. ஆனால் மைக்கே திணறினால் எந்தப் பிட்டும் காப்பாற்றாது. சாவிக்கொத்தையும் அது அகற்றாது.

எவ்வளவு பெரிய மெமரி கார்டு வாங்க வேண்டும்?

16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸில் ஒரு தடம் நிமிடத்துக்குச் சுமார் 5 எம்பி. எட்டுத் தடமும் நிரம்பிய நான்கு நிமிடப் பாட்டுக்கு 170 எம்பி. 32 ஜிபி கார்டு ஆண்டுக்கணக்கில் வரும். பழைய கருவிகள் 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டை ஏற்காமல் போகலாம் என்பதால் அதோடு நிறுத்துங்கள். மாதம் ஒருமுறை கம்ப்யூட்டரில் நகல் எடுத்து வையுங்கள்.

புளூடூத் ஹெட்போன் போதுமா?

போதாது. ஒலி தாமதமாக வந்து சேரும். நீங்கள் அதைத் துரத்திக்கொண்டே வாசிப்பீர்கள். ஒயர் உள்ள, காதை முழுக்க மூடும் வகையை வாங்குங்கள். திறந்த வகையில் மெட்ரோனோமின் 'டிக் டிக்' கசிந்து மைக்கில் விழும்.

வெளிநாட்டிலிருந்து மாமா பழைய கருவி ஒன்றைக் கொண்டுவருகிறார். என்ன பார்க்க வேண்டும்?

முதலில் அடாப்டர். ஜப்பானில் 100 வோல்ட், அமெரிக்காவில் 120. அடாப்டரில் 100-240 என்று அச்சிட்டிருந்தால் இங்கே செருகலாம். வெறும் 100 அல்லது 120 என்றால் செருகிய நொடியில் புகைதான். மாற்று அடாப்டர் வாங்கும்போது வோல்ட் மட்டும் பார்க்காமல், முனையில் உள்ளே பிளஸா மைனஸா என்ற படத்தையும் ஒப்பிடுங்கள்.

பிறகு பேட்டரி அறையில் பச்சைப் பூஞ்சணம் போன்ற அரிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு குமிழையும் திருகும்போது ஹெட்போனில் 'கரகர' வருகிறதா என்று கேளுங்கள். மல்ட்டிமீட்டர் இருந்தால் ஃபேன்டத்தைப் போட்டு எக்ஸ்எல்ஆரின் முதல் முனைக்கும் இரண்டாவதுக்கும், முதலுக்கும் மூன்றாவதுக்கும் அளந்து பாருங்கள். இரண்டிலும் 44 வோல்ட்டுக்கும் 52 வோல்ட்டுக்கும் இடையே காட்ட வேண்டும். ஒன்றில் மட்டும் வராவிட்டால் அந்த உள்ளீடு போயிற்று. இதைச் சோதிக்காமல் நான் ஒன்றை வாங்கி, ஒரே ஒரு உள்ளீட்டோடு ஒரு வருடம் குடும்பம் நடத்தினேன்.

சுற்றி வளைக்காமல் மாடல் பெயரைச் சொல்லுங்கள்.

எளிமை வேண்டும், திரையில் மெனு தோண்டப் பிடிக்காது என்றால் டாஸ்காம் டிபி-008இஎக்ஸ் வகை. ஒவ்வொரு தடத்துக்கும் கையால் திருகும் குமிழ் இருக்கிறது. பின்னால் கம்ப்யூட்டருக்கும் போகக்கூடும் என்றால் ஜூம் ஆர்8. அதுவே இன்டர்ஃபேஸாகவும் வேலை செய்யும். நான்கு தடம் போதும், கைக்கடக்கமாக வேண்டும் என்றால் ஜூம் ஆர்4. கச்சேரியையும் பதிய வேண்டியவருக்கு ஜூம் எச்4என். அதில் நான்கு டிராக் முறையும் உண்டு. சில இப்போது பழையதாகத்தான் கிடைக்கும், அப்போது மேலே உள்ள சோதனை. பெயர்கள் மாறினாலும் கேட்க வேண்டியது மாறாது: இரண்டு உள்ளீடு, ஃபேன்டம், பேட்டரி.

பாட்டையும் கிட்டாரையும் ஒரே நேரத்தில் பதியலாமா, தனித்தனியாகவா?

தனித்தனியாகப் பதிந்தால் திருத்தலாம். ஆனால் பாடிக்கொண்டே வாசித்துப் பழகியவர், பாட்டை விட்டுவிட்டுக் கிட்டாரை மட்டும் வாசித்தால் இயந்திரம்போல் ஆகிவிடுகிறார். அவர் சேர்த்தே பதியட்டும். குரல் மைக்கில் கிட்டாரும் கிட்டார் மைக்கில் குரலும் விழும், ஒன்றைத் திருத்த முடியாது. முழுப் பாட்டையும் இன்னொரு முறை பாட வேண்டியதுதான்.

இரண்டு மைக் வைத்தேன். தனித்தனியாகக் கேட்டால் நன்றாக இருக்கிறது, சேர்த்தால் சத்து போய்விடுகிறது.

ஒலி முதல் மைக்கை அடைந்து சற்றுப் பிந்தி இரண்டாவதை அடைகிறது. 30 சென்டிமீட்டர் வித்தியாசத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிசெகண்ட். ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தில் விழும் சுரங்கள் அடிபட்டுப் போகின்றன. மைக்கும் பிக்கப்பும் சேர்த்துப் பதிந்தாலும் இதே கதைதான். இரண்டு மைக்கின் தலைகளையும் ஒன்றையொன்று ஒட்டிக் குறுக்காக வைத்தால் தாமதம் ஏறக்குறைய இல்லாமல் போகும். தள்ளி வைக்க வேண்டுமென்றால், கிட்டாருக்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் போல மூன்று பங்கு தூரம் இரண்டு மைக்குகளுக்கும் இடையே இருக்கட்டும். இதெல்லாம் தொல்லையாகத் தோன்றினால் ஒரே மைக்கில் இரண்டு முறை வாசித்து இடதும் வலதுமாக வையுங்கள். எனக்குப் பிடித்தது அதுதான்.

டிராக் எல்லாம் தீர்ந்துவிட்டது. இன்னும் ஒரு குரல் சேர்க்க வேண்டும்.

இரண்டு துணைக் குரல்களையும் ஒரே தடத்தில் கலந்துவிட்டு, பழைய தடங்களைக் காலி செய்யுங்கள். பவுன்ஸ் என்பார்கள். கலந்த பிறகு பிரிக்க முடியாது. முதல் கேள்வியின் சாம்பார்தான். எனவே மூலத் தடங்களைக் கார்டிலோ கம்ப்யூட்டரிலோ நகல் எடுத்த பிறகே அழியுங்கள்.

எல்லாம் செய்து பார்த்துவிட்டேன் சார். இன்னும் மங்கலாகத்தான் கேட்கிறது. இதை விற்றுவிட்டு இருபத்து நான்கு டிராக் வாங்கிவிடவா?

கடற்கரை ஊரில் இருக்கிற ஒருவர் கேட்டது இது. கடைசியாகத் தந்தி மாற்றியது எப்போது என்று கேட்டேன். யோசித்துவிட்டு, போன பொங்கலுக்கு முந்தைய பொங்கல் என்றார். உப்புக்காற்றில் வெண்கலத் தந்தி சில வாரங்களிலேயே மங்கிவிடும். அதன்பின் எந்த மைக்காலும் பளபளப்பைக் கொண்டுவர முடியாது. புதுத் தந்தி போட்டு, ஒரு நாள் வாசித்து இழுபட விட்டு, மறுநாள் பதியச் சொன்னேன். அதன் பிறகும் விற்பதாக இருந்தால் கருவியை நானே எடுத்துக்கொள்கிறேன் என்றும் சொல்லி வைத்தேன். எட்டு மாதம் ஆகிறது. இன்னும் தரவில்லை.